கல்லுக்குள் மின்சாரம் கண்ட பியர் கியூரி

ரேடியம் என்று சொன்னதும் கியூரி என்ற பெயர் நினைவுக்கு வரும். மேரி கியூரி அம்மையாரின் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்த அம்மையாரின் கணவர் பியர் கியூரி. மனைவியின் புகழில் பங்கு பெற்றவர் என்றே பலர் அவரை எண்ணுகிறார்கள்.

ஆனால், ரேடியம் கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே பியர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 21.

கல்லை அமுக்கினால் மின்சாரம் வரும்! இதுதான் அந்தக் கண்டுபிடிப்பு.

ரேடியத்தை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால், பியர் கண்ட அந்தக் கல் நம் கையிலேயே இருக்கிறது. நடுக்கடலில் படகு நிற்கும் இடத்தைக் காட்டுகிறதே, ஜி.பி.எஸ். என்ற கையடக்கக் கருவி, அதன் நாடித் துடிப்பே அந்தக் கல்தான்.

அந்தக் கதையைப் பார்ப்போம்.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளை

பியர் கியூரி 1859-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை யூஜின் கியூரி ஒரு டாக்டர். பெரிய வசதி படைத்த குடும்பம் அல்ல. ஆனால், படிப்பும் அன்பும் நிறைந்த குடும்பம்.

1871-ல் பாரிஸ் நகரில் கலகம் மூண்டது. தெருக்களில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. டாக்டர் கியூரி தன் வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கினார். காயம் பட்டவர்களைக் கொண்டுவந்து சிகிச்சை செய்தார். சிறுவன் பியரும் அண்ணன் ஜாக்கும் தந்தைக்கு உதவினார்கள்.

பியர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஒன்றை எடுத்தால் அதிலேயே மூழ்கிவிடும் பிள்ளை அவன். மணி அடித்ததும் ஒரு பாடத்தை விட்டு இன்னொரு பாடத்துக்குத் தாவ அவனால் முடியாது. பெற்றோர் இதைப் புரிந்துகொண்டார்கள். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

தந்தையுடன் வயல்வெளிகளில் சுற்றினான். செடி, கொடி, பூச்சி, புழு எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தான். 14-வது வயதில் நல்ல கணக்கு ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். பிறகு கேட்கவா வேண்டும்! 16-வது வயதில் முதல் பட்டத் தேர்விலும், 18-வது வயதில் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறிவிட்டான்.

மேலே படிக்க ஆசைதான். ஆனால், சம்பாதிக்க வேண்டிய நிலை. 1878-ல், 19-வது வயதில், பாரிஸ் சர்வகலாசாலையின் ஆய்வுக்கூடத்தில் பியர் உதவியாளராகச் சேர்ந்தார்.

அண்ணனும் தம்பியும்

அண்ணன் ஜாக் அதே ஊரில் வேறொரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அது கற்களையும் தாதுக்களையும் ஆராயும் இடம். சகோதரர் இருவரும் இணைபிரியாதவர்கள். இருவருக்கும் படிகங்களின் மேல் ஆசை உண்டானது.

படிகம் என்றால் என்ன? கற்கண்டைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் தட்டையான முகங்களும் கூர்மையான விளிம்புகளும் இருக்கின்றன. யாரும் செதுக்கவில்லை. அது தானாகவே அப்படி வளர்கிறது. உள்ளே இருக்கும் அணுக்கள், போர்வீரர்களைப் போல வரிசை தவறாமல் நிற்பதுதான் காரணம்.

ஸ்படிக மாலையில் இருக்கிறதே, அந்தத் தெளிந்த கல்லும் ஒரு படிகம்தான். அதற்குக் குவார்ட்ஸ் என்று பெயர். மணலும் பெரும்பாலும் அதே பொருள்தான்.

சில படிகங்களைச் சூடாக்கினால் அவற்றில் கொஞ்சம் மின்சாரம் தோன்றும் என்பது முன்பே தெரிந்த செய்தி. கியூரி சகோதரர்கள் அதைப் பற்றி யோசித்தார்கள். சூடு பட்டால் கல் சற்று விரிகிறது. உள்ளே உள்ள அணுக்களின் வரிசை மாறுகிறது. அப்படியானால், கல்லை அமுக்கினாலும் வரிசை மாறுமே! அப்போதும் மின்சாரம் வரவேண்டுமே!

செய்து பார்த்தார்கள். படிகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் மெல்லிய துண்டாக அறுத்தார்கள். இரு பக்கமும் ஈயத்தாள் ஒட்டினார்கள். மின்சாரத்தை அளக்கும் கருவியோடு இணைத்து, துண்டை அமுக்கினார்கள்.

கருவியின் முள் அசைந்தது!

அமுக்கினால் மின்சாரம். அழுத்தத்தை எடுத்தால் எதிர்த்திசையில் மின்சாரம். இரு மடங்கு அமுக்கினால் இரு மடங்கு மின்சாரம். குவார்ட்ஸ் மட்டும் அல்ல. சர்க்கரைப் படிகத்திலும் அது வந்தது. 1880-ம் ஆண்டு இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு லிப்மன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுப் பார்த்தார். அமுக்கினால் மின்சாரம் வருகிறது என்றால், மின்சாரம் கொடுத்தால் கல் நெளிய வேண்டும் என்று அவர் சொன்னார். சகோதரர்கள் உடனே சோதித்தார்கள். உண்மைதான்! மின்சாரம் பாய்ந்ததும் கல் அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய அசைவு. ஆனாலும், அசைவு அசைவுதான்.

இந்த இரண்டு உண்மைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். கருவிக்கு நாம் வரும்போது இவை தேவைப்படும்.

கல்லே தராசு ஆனது

சகோதரர்கள் அதோடு நிற்கவில்லை. தங்கள் கண்டுபிடிப்பை வைத்தே ஒரு கருவி செய்தார்கள். ஒரு குவார்ட்ஸ் தகட்டில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால், எடைக்குத் தக்க மின்சாரம் வரும். இதைக் கொண்டு மிகச் சிறிய மின்சாரத்தைக்கூடத் துல்லியமாக நிறுத்துவிடலாம். தங்கத்தை நிறுக்கும் தராசைப்போல, இது மின்சாரத்தை நிறுக்கும் தராசு.

1883-ல் ஜாக் வேலை கிடைத்து வெளியூர் போனார். பியர் பாரிசிலேயே இருந்தார். அதற்கு முந்திய ஆண்டே, நகரசபை புதிதாகத் தொடங்கிய பௌதிக, ரசாயனப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மாணவர்களின் ஆய்வுக்கூட வேலையை மேற்பார்வை செய்யும் வேலை.

குறைந்த சம்பளம். தனக்கென்று ஒரு ஆய்வு அறைகூடக் கிடையாது. யாரிடமும் போய்ச் சிபாரிசு கேட்க அவருக்குத் தெரியாது. பட்டம், பதவி, பரிசு எதையும் தேடி அலையவில்லை. ஒழிந்த நேரத்தில், தாழ்வாரத்தில் நின்றுகூட ஆராய்ச்சி செய்தார். காந்தத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட சூட்டில் அது காந்த சக்தியை இழந்துவிடும் என்பதை விரிவாக ஆராய்ந்தார். அந்தச் சூட்டுக்கு இன்றும் கியூரி பெயர்தான்.

சைக்கிளில் தேன்நிலவு

1894-ல் போலந்து நாட்டுப் பெண் ஒருவரைப் பியர் சந்தித்தார். பாரிசில் ஏழ்மையோடு போராடிப் படித்துக்கொண்டிருந்த பெண். அவர்தான் மேரி.

இருவருக்கும் பேச்சே விஞ்ஞானம்தான். 1895-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி கலியாணம் நடந்தது. விருந்து, ஆடம்பரம் ஒன்றும் இல்லை. மணப்பெண் கட்டியது கருநீல உடுப்பு. பிறகு ஆய்வுக்கூடத்திலும் உடுத்தலாம் அல்லவா! கலியாணத்துக்கு மொய்யாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கினார்கள். சைக்கிளிலேயே கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். அதுதான் அவர்களுடைய தேன்நிலவு.

1897-ல் முதல் மகள் ஐரீன் பிறந்தாள். அந்த ஆண்டின் முடிவில் மேரி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். யுரேனியத்திலிருந்து ஏதோ ஒரு கதிர் வருகிறது என்று பெக்கரல் கண்டுபிடித்திருந்தார். அது என்ன கதிர், எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும்.

கதிர் பட்ட காற்றில் மிக மிகச் சிறிய மின்சாரம் ஓடும். சாதாரணக் கருவிகள் அதைப் பிடிக்க மாட்டா. என்ன செய்வது?

பியரின் குவார்ட்ஸ் தராசு கைகொடுத்தது! 17 ஆண்டுகளுக்கு முன் அண்ணனும் தம்பியும் அறுத்துப் பார்த்த கல், மனைவியின் மேஜைக்கு வந்தது. மேரி எடை வைத்து எடை வைத்து அளந்தார். ஒரு தாதுவில் யுரேனியத்துக்கு உரியதைவிட அதிகக் கதிர் வருவதைக் கண்டார். அப்படியானால், அதற்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது!

பியர் தன் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு மனைவியோடு சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று இரண்டு புதிய மூலகங்களை இருவரும் அறிவித்தார்கள்.

அந்த வேலை நடந்தது ஒழுகும் கூரை கொண்ட ஒரு பழைய கொட்டகையில். டன் கணக்கில் தாதுவைக் கொதிக்கவைத்து, கிளறி, வடிகட்டினார்கள். 1902-ல் கையில் மிஞ்சிய ரேடிய உப்பு, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு!

1903-ல் பெக்கரலுக்கும் கியூரி தம்பதிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். அவர்கள் வாங்கவில்லை. விஞ்ஞானம் எல்லோருக்கும் சொந்தம் என்று கருதினார்கள். அரசாங்கம் பியருக்கு ஒரு பெரிய விருது கொடுக்க முன்வந்தது. அவர் அதை மறுத்துவிட்டார். தனக்கு விருது வேண்டாம், ஒரு நல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்று தெரிவித்தார்.

அந்த ஆய்வுக்கூடம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

மழைநாளில் நேர்ந்த துயரம்

1904-ல் சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாவது மகள் ஈவ் பிறந்தாள். கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணிய நேரம்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி. பாரிசில் மழை பெய்துகொண்டிருந்தது. பியர் குடை பிடித்து நடந்து வந்தார். தோஃபின் என்ற தெருவைக் கடக்கும்போது, பாரம் ஏற்றிய பெரிய குதிரை வண்டி ஒன்று எதிரே வந்தது. ஈரத்தில் கால் வழுக்கியது. கீழே விழுந்தார். குதிரைகள் அவரை மிதிக்கவில்லை. முன் சக்கரங்களும் படவில்லை. பின் சக்கரம் தலைமேல் ஏறிவிட்டது.

உயிர் அங்கேயே பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 46. மூத்த மகளுக்கு 8 வயது. இளையவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

மேரி மனம் உடைந்தார். ஆனாலும், குழந்தைகளையும் ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. கணவர் விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்தினார். அந்தச் சர்வகலாசாலையில் பாடம் நடத்திய முதல் பெண் பேராசிரியர் அவரே.

மாணவர் எடுத்த கல்

குவார்ட்ஸ் கல் என்ன ஆனது? பல காலம் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலுக்கு அடியில் ஒளிந்துவந்து கப்பல்களை மூழ்கடித்தன. பியரிடம் படித்த மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் லாஞ்சவன். தன் ஆசிரியரின் கல் அவருக்கு நினைவு வந்தது. மின்சாரம் கொடுத்தால் கல் அதிரும். அந்த அதிர்ச்சியைத் தண்ணீருக்குள் அனுப்பலாம். எதிரொலி திரும்பி வந்து கல்லை அமுக்கினால், மறுபடியும் மின்சாரம் வரும். 1917-ல் குவார்ட்சைக் கொண்டு அப்படி ஒரு கருவி செய்தார்.

பிறகு அமெரிக்காவில் கேடி என்ற பேராசிரியர் இன்னொன்றைக் கவனித்தார். கோயில் மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சுருதி உண்டு. பெரிய மணி ஒரு விதம், சின்ன மணி ஒரு விதம். குவார்ட்ஸ் துண்டும் அப்படித்தான். அதன் அளவுக்குத் தக்கபடி, நொடிக்கு இத்தனை முறை என்று அதிரும். அந்த எண்ணிக்கை எளிதில் மாறாது.

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது ஆடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோல, கல் அதிரும்போது வரும் மின்சாரத்தைப் பெருக்கி, மறுபடியும் கல்லுக்கே கொடுத்தால், கல் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். சகோதரர்கள் கண்ட இரண்டு உண்மைகளும் இங்கே கைகோத்துக்கொண்டன!

ஓயாமல், ஒரே சீராக ஆடுகிற ஒன்று கிடைத்தால், அதைக் கொண்டு கடிகாரம் செய்யலாம். 1927-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் ஓடியது. அது ஒரு பீரோ அளவு பெரியது. 1969-ல் ஜப்பானில் அதே குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் புகுந்தது.

கைக்குள் ஒரு கடிகாரம்

இப்போது ஜி.பி.எஸ். கருவிக்கு வருவோம்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. முதல் கோள் 1978-ல் ஏவப்பட்டது. ஒவ்வொரு கோளிலும் அணு கடிகாரம் இருக்கிறது. தான் இருக்கும் இடத்தையும், அப்போதைய நேரத்தையும் கோள் ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வருகிறது. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் பார்த்தால், கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போட்டுவிடும். பல கோள்களின் தூரம் தெரிந்தால், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

ஆகவே, இடம் காட்டும் கருவி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கடிகாரம்! நேரத்தில் ஒரு நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்.

கைக்கருவிக்குள் அணு கடிகாரத்தை வைக்க முடியுமா? விலையும் கட்டாது, இடமும் போதாது. அங்கேதான் பியரின் கல் வருகிறது. பல ஜி.பி.எஸ். கருவிகளில், நொடிக்கு 1 கோடியே 63 லட்சத்து 68 ஆயிரம் முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அரிசிமணி அளவுள்ள ஒரு டப்பிக்குள் அது அடைபட்டிருக்கும். வெயிலில் ஒரு வேகம், குளிரில் ஒரு வேகம் என்று மாறிவிடாமல், சூட்டைப் பார்த்துத் திருத்தும் சிறிய மின்சுற்றும் அதோடு இருக்கிறது.

என்னதான் செய்தாலும், கல் அணு கடிகாரத்துக்கு ஈடாகுமா? ஆகாது. அதனால்தான் கருவி மூன்று கோள்களோடு நிற்காமல் நான்காவது கோளையும் கேட்கிறது. நான்கையும் ஒப்பிட்டுத் தன் கடிகாரத்தின் பிசகைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறது. அதற்குக் கல் சரியான நேரம் காட்டவேண்டும் என்பதில்லை. ஒரே சீராக ஆடினால் போதும். சீராக ஆடுவதில் குவார்ட்ஸ் கெட்டிக்காரன்!

கருவிக்குள் இன்னொரு சின்னக் குவார்ட்சும் உண்டு. அது நொடிக்கு 32,768 முறை ஆடும். ஏன் இந்த எண்? இதைப் பாதியாக்குங்கள். அதையும் பாதியாக்குங்கள். இப்படி 15 முறை செய்தால் சரியாக 1 வரும். அதாவது, ஒரு நொடி! பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவியை அணைத்த பிறகும் இந்தச் சின்னக் கல் ஆடிக்கொண்டே இருந்து மணியைக் காக்கிறது. மறுபடி போட்டதும், தலைக்குமேல் எந்தெந்தக் கோள் இருக்கும் என்று கருவி சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவுகிறது.

வானத்தில் எத்தனையோ ரேடியோ அலைகள் திரிகின்றன. ஜி.பி.எஸ். அலை நொடிக்கு 157 கோடியே 54 லட்சத்து 20 ஆயிரம் முறை துடிப்பது. அதை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தள்ளும் சல்லடை ஒன்று கருவியில் இருக்கிறது. அதிலும் படிகம்தான் வேலை செய்கிறது. அமுக்கினால் மின்சாரம், மின்சாரம் கொடுத்தால் அசைவு என்ற அதே விதிதான்.

சல்லடை தாண்டி வரும் அலை மிகவும் மெல்லியது. இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடக்கும். திருவிழாக் கூட்டத்தில் தன் பிள்ளையின் குரலைத் தாய் கண்டுபிடிக்கிறாள் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு கோளின் தனி அடையாளத்தையும் முன்பே தெரிந்துவைத்திருக்கும் சிப், இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறது. அந்த வேலைக்குச் சிப்புக்குத் தாளம் போடுவதும் குவார்ட்ஸ்தான். தாளம் தப்பினால் பாட்டு ஏது?

மேலே சுற்றும் அணு கடிகாரத்துக்குள்ளும் குவார்ட்ஸ் உண்டு. அது தடம் மாறாமல் அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆக, வானத்திலும் அதே கல், நம் உள்ளங்கையிலும் அதே கல்!

கல்லறை மாறியது

கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். கருவி 1989-ல் கடைக்கு வந்தது. 1995-ல் ஜி.பி.எஸ். ஏற்பாடு முழுமை பெற்றதாக அமெரிக்கா அறிவித்தது. இன்று செல்போனிலும் அது இருக்கிறது.

அதே 1995-ம் ஆண்டில், பிரான்சு நாடு ஒரு கடனைத் தீர்த்தது. சோ என்ற சிற்றூரில் புதைக்கப்பட்டிருந்த பியர், மேரி இருவரின் உடல்களையும் எடுத்துவந்து, நாட்டின் பெரியவர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் அரசு மரியாதையோடு வைத்தது.

உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல ஆய்வு அறைகூடக் கிடைக்காத மனிதருக்கு, மண்டபத்தில் இடம் கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்று கேட்டிருந்தால், 21 வயது இளைஞன் அந்தக் கல்லை அறுத்தே இருக்க மாட்டான். கேள்வி கேட்டான், பதில் கிடைத்தது, அவனுக்கு அது போதும். பயனை அனுபவிக்க மற்றவர்கள் வந்தார்கள்.

இரவில் கரை தெரியாத கடலில் படகு ஓட்டுகிறவர், ஊர் திரும்பும் வழியைச் சிறு திரையில் பார்க்கிறார். அந்தத் திரைக்குப் பின்னால், பியர் கியூரியின் கல் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.